சாக்கட்டன் படைவீரர் கிளைக்கு ஐரா ஹேய்ஸ் பெயர் ஏன்?

கேள்வி (வாசகர் ஒருவர்): அரிசோனாவில் சாக்கட்டன் என்ற சின்ன ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்கன் லீஜியன் கிளை ஒன்று இருக்கிறது. எண் 84. அதற்கு ஐரா ஹேய்ஸ் பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்கக் கொடி ஏற்றிய அந்தப் புகழ்பெற்ற படத்தில் இருக்கிற ஆறு பேரில் ஒருவர், சரி. ஆனால் குடித்துக் குடித்து, ஐம்பது தடவை போலீஸில் மாட்டி, முப்பத்திரண்டு வயதில் ரோட்டோரம் செத்துக் கிடந்த மனுஷன். பொடியன்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட வேறு பெயரே கிடைக்கவில்லையா?

பிப்ரவரி 4

முதலில் ஒரு திருத்தம். அவர் ரோட்டோரம் கிடக்கவில்லை. 1955 ஜனவரி 24 காலை, பாப்ச்சூலே என்ற இடத்தில், யாரும் குடியில்லாத ஒரு மண்வீட்டுப் பக்கத்தில் கிடந்தார். அவருடைய சொந்த மண் அது. முந்தின இரவு தெரிந்தவர்களோடு உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறார். ஜனவரி மாதப் பாலைவனக் குளிரும் மதுவும் சேர்ந்து ஆளை முடித்துவிட்டன. முப்பத்திரண்டாவது பிறந்தநாள் வந்து போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அடுத்தது, லீஜியன் விதிப்படி உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரைக் கிளைக்கு வைக்கக் கூடாது. ஆக இந்தப் பெயர் 1955க்குப் பிறகுதான் வந்திருக்க முடியும். வைத்தவர்கள் பத்திரிகையில் படித்துவிட்டு வைத்தவர்கள் இல்லை. ஹேய்ஸ் வளர்ந்த ஊர்க்காரர்கள். அவர் ஜெயிலுக்குப் போனது, தள்ளாடிக்கொண்டு வந்தது, பருத்தி பறித்தது, அப்பாவுக்கு ஒத்தாசை செய்தது எல்லாம் அந்த ஊர் பார்த்தது. உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள், எல்லாம் தெரிந்தே வைத்த பெயர். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் வைத்தார்கள்?

பிப்ரவரி 5

நேற்று வேகத்தில் எழுதிவிட்டேன், ஆளைப் பற்றியே சொல்லவில்லை.

ஐரா ஹேய்ஸ், 1923 ஜனவரி 12, சாக்கட்டன். ஹீலா ஆற்றங்கரையில் வாழும் அமெரிக்கப் பூர்வகுடியான பிமா இனம். அவர்கள் தங்களை அக்கிமெல் ஓதம் என்று சொல்வார்கள். அப்பா முதல் உலகப் போருக்குப் போய்வந்த விவசாயி. ஐரா 1942 ஆகஸ்டில் மரீன் படையில் சேர்ந்து, பாராசூட் பயிற்சி எடுத்து, போகன்வில் தீவில் சண்டை போட்டு, அப்புறம்தான் இவோ ஜிமா. 1945 பிப்ரவரி 23 அன்று சூரிபாச்சி மலை உச்சியில் நட்டது அன்றைய இரண்டாவது கொடி. காலையில் நட்ட சின்னக் கொடியை இறக்கிவிட்டுப் பெரிய கொடி ஏற்றினார்கள். ஜோ ரோசென்தால் எடுத்த படம் இந்த இரண்டாவது கொடியுடையது. இடது ஓரத்தில், கம்பத்தை விட்டு விலகிய கைகளோடு நிற்பவர்தான் ஐரா.

படத்தோடு சண்டை முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் நடந்தது. படத்தில் இருந்த மைக்கேல் ஸ்ட்ராங்க், ஹார்லன் பிளாக் இருவரும் மார்ச் 1 ஒரே நாளில் போனார்கள். ஃபிராங்க்ளின் சூஸ்லி மார்ச் 21. உயிரோடு இருந்தவர்களை அரசு ஊர் ஊராக அழைத்துப்போய்ப் போர்க்கடன் பத்திரம் விற்றது. ஏழாவது போர்க்கடன் திரட்டலில் மட்டும் 26.3 பில்லியன் டாலர் சேர்ந்தது. ஐராவை மட்டும் பாதியிலேயே படைப்பிரிவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடிதான் காரணம் என்கிறார்கள். அவரே திரும்பிப் போகத்தான் துடித்தார் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றாகவே உண்மையாக இருக்கலாம். கூட இருந்தவன் செத்த தீவிலிருந்து வந்த பையனை விருந்து மேடையில் ஏற்றி, ஒவ்வோர் ஊரிலும் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

பிப்ரவரி 5, இரவு

‘அந்தப் படத்தில் இருந்தவர்களே மாறிவிட்டார்களாமே, ஐராவாவது நிஜமா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நிஜம். முதலில் அறிவித்த ஆறு பேரில் மூன்று பெயர் தப்பு. பிளாக் இருந்த இடத்தில் ஹாங்க் ஹான்சன் என்று போட்டார்கள், அது 1947 ஜனவரியில் திருத்தப்பட்டது. ஜான் பிராட்லிக்குப் பதில் ஹரால்ட் ஷுல்ட்ஸ் என்று 2016இல் மரீன் படையே ஒத்துக்கொண்டது. ரெனே கேக்னனுக்குப் பதில் ஹரால்ட் கெல்லர் என்பது 2019இல். ஐராவுடைய இடத்தில் எந்த மாற்றமும் இல்லை.

முதல் திருத்தம் எப்படி வந்தது என்பதுதான் விஷயம். நாளைக்கு எழுதுகிறேன். காலையில் வேலை இருக்கிறது.

பிப்ரவரி 7

1945 வசந்தத்தில் வாஷிங்டனுக்குக் கூட்டிவந்தபோதே ஐரா அதிகாரியிடம் சொல்லிவிட்டார்: கம்பத்தின் அடியில் குனிந்து இருப்பவன் ஹான்சன் இல்லை, ஹார்லன் பிளாக் என்று. பெயர்கள் வெளியே போய்விட்டன, இரண்டு பேருமே இறந்தவர்கள், பேசாமல் இரு என்று பதில் வந்தது. பேசாமல்தான் இருந்தார். போர் முடிந்து ஊருக்கு வந்தார்.

1946 மே. ஹீலா ஆற்றுக் குடியிருப்பிலிருந்து (பூர்வகுடியினருக்கு அரசு ஒதுக்கிய நிலப்பகுதி) புறப்பட்டு, போகிற வண்டியையெல்லாம் கை காட்டி நிறுத்தி, டெக்சஸின் தெற்குக் கோடியில் இருக்கும் வெஸ்லகோ வரை போனார். சுமார் 1,300 மைல். கிட்டத்தட்டக் கன்னியாகுமரியிலிருந்து போபால் வரை போகிற தூரம். ஹார்லனின் அப்பாவைப் பண்ணையிலேயே பார்த்து, படத்தில் இருப்பது உங்கள் மகன்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

ஹார்லனின் அம்மா, பெல் பிளாக், பேப்பரில் படம் வந்த முதல் நாளிலிருந்தே இது என் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். முகம் தெரியாது, குனிந்த முதுகும் இடுப்பும்தான் தெரியும். யாரும் நம்பவில்லை. ஐரா சொன்ன பிறகு அவர் தங்கள் மக்களவை உறுப்பினருக்கு எழுத, விசாரணை வந்தது, திருத்தம் வந்தது.

எனக்கு ஐரா ஹேய்ஸ் என்றால் இதுதான். கொடி ஏற்றியது சில விநாடி வேலை, மேலதிகாரி சொன்னான், செய்தார்கள். இது வேறு. வாயை மூடு என்று உத்தரவு இருந்தும், கையில் காசில்லாமல், இறந்துபோன சேக்காளியின் வீட்டு வாசல் வரை போய் உண்மையைச் சொன்னது. ஒரு முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. செத்தவனுக்குரியதைச் செத்தவனுக்குச் சேர்க்கத்தானே அந்தச் சங்கமே?

பிப்ரவரி 8

‘அப்படியானால் பிராட்லி, கேக்னன் விஷயத்தையும் ஐரா ஏன் சொல்லவில்லை?’ நல்ல கேள்விதான். பிராட்லி முதல் கொடியேற்றத்தில் கை கொடுத்தவர். கேக்னன் இரண்டாவது கொடியை மலைமேல் தூக்கிவந்தவர். இரண்டு பேருமே அன்று உச்சியில் நின்றவர்கள், உயிரோடு இருந்தவர்கள், தங்களுக்காகத் தாங்களே பேச முடிந்தவர்கள். பிளாக்குக்குப் பேச ஆளில்லை. இதற்கு மேல் ஐரா மனசுக்குள் புகுந்து நான் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 12

நான் இருப்பது சேண்ட்லரில். இங்கே சிப் கம்பெனி வேலைக்கு வந்து குடியேறிய நம்மவர்கள் நிறைய. கோயில், இட்லி மாவு, தமிழ்ப்பள்ளி எல்லாம் உண்டு. அரிசோனா அவென்யூவைப் பிடித்துத் தெற்கே நேராகப் போனால் கடைகள் முடியும், புது வீடுகள் முடியும், சட்டென்று வயல்வெளி. பூர்வகுடியினர் குடியிருப்பின் எல்லை தாண்டி அரை மணிக்குள் சாக்கட்டன். என்னோடு வேலை செய்யும் எத்தனையோ பேர் பத்து வருஷமாக இங்கே இருந்தும் அந்த ரோட்டில் திரும்பியதே இல்லை.

சாக்கட்டனில் ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. அதன் பெயரில் இரண்டு பேர்: மாத்யூ ஹுவான், ஐரா ஹேய்ஸ். முதலாமவரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையே என்றுதான் எழுதுகிறேன்.

மாத்யூ ஹுவானும் சாக்கட்டன்காரர், ஓதம் இனம். முதல் உலகப் போரில் 28ஆவது காலாட்படை ரெஜிமென்டில் இருந்தார். 1918 மே 28, பிரான்ஸில் காந்தினி. அந்தப் போரில் அமெரிக்கப் படை முன்னின்று நடத்திய முதல் பெரிய தாக்குதல் அது. அந்தச் சண்டையில் இறந்தார். போரில் இறந்த முதல் அரிசோனாக்காரர் என்று அவரைச் சொல்கிறார்கள். சேண்ட்லரில் உள்ள லீஜியன் கிளை எண் 35க்கு அவர் பெயர்தான். தினமும் அந்தப் பக்கம் போய்வரும் நண்பர்கள் அடுத்த முறை பலகையைப் பாருங்கள்.

பிப்ரவரி 13

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. காரணம் இது.

ஹுவான் இறந்தபோது பூர்வகுடியினரில் பலருக்கு அமெரிக்கக் குடியுரிமையே கிடையாது. போருக்குப் போய்வந்தவர்கள் கேட்டால் தரலாம் என்று 1919இல் ஒரு சட்டம், எல்லோருக்கும் என்று 1924இல் இன்னொரு சட்டம். சரி, குடிமகன் ஆகிவிட்டோமே, ஓட்டுப் போடலாம் என்று ஹீலா ஆற்றுக்காரர்கள் இரண்டு பேர் 1928இல் கேட்டார்கள். அரிசோனா உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. குடியிருப்பில் வாழும் பூர்வகுடியினர் அரசின் பாதுகாவலில் இருப்பவர்கள், காப்பாளரின் கீழ் இருப்பவருக்கு வாக்கில்லை என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு உடைந்தது 1948 ஜூலையில். உடைத்த வழக்கில் வந்து நின்ற ஃபிராங்க் ஹாரிசன், மெக்டவல் கோட்டைக் குடியிருப்பைச் சேர்ந்தவர், இரண்டாம் உலகப் போருக்குப் போய்வந்த சிப்பாய்.

கணக்குப் போடுங்கள். காந்தினியில் ஹுவான் விழுந்ததிலிருந்து அவர் ஊர்க்காரர் வாக்குச்சாவடிக்குள் போக முப்பது வருஷம். ஐரா கொடி ஏற்றியபோது, உலகமே அவர் முதுகைப் பார்த்தபோது, தபால் தலையில் அச்சடித்தபோது, சொந்த மாநிலத்தில் ஓட்டில்லை.

பிப்ரவரி 13, இன்னும் கொஞ்சம்

தண்ணீர் கதையும் இதோடு சேர்த்தி. ஓதம் மக்கள் ஹீலா ஆற்றில் வாய்க்கால் வெட்டிப் பயிர் வைத்தவர்கள். தங்கம் தேடி கலிபோர்னியா போனவர்களுக்குக் கோதுமை விற்ற ஊர்கள் இவை. 1860களின் கடைசியிலிருந்து மேலே குடியேறியவர்கள் ஆற்றை மறித்து மறித்துத் தங்கள் பக்கம் திருப்ப, கீழே பஞ்சம் வந்தது. விதைத்த கோதுமை கருகியது. மெஸ்கீட் மரத்தை வெட்டி விறகாக விற்றுப் பிழைத்தார்கள். 1930இல் கூலிட்ஜ் அணையைத் திறந்தார்கள், சொன்ன தண்ணீர் வரவில்லை. கடைசியில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வருஷத்துக்கு 653,500 ஏக்கர் அடி என்று உரிமை உறுதியானது. நம் கணக்கில் சுமார் 28.5 டி.எம்.சி. மேட்டூர் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

நான் வேலூர்க்காரன். இங்கே ஹீலா ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தால் பாலாறுதான். அதே மணல், அதே முள்செடி, நடுவில் டயர் தடம்.

ஐரா 1923இல் பிறந்தார் என்றால், இந்தப் பஞ்சத்துக்குள் பிறந்தார். பத்திரிகைகள் ‘அவனுக்கு என்ன குறை, நாடே கொண்டாடியதே’ என்று எழுதும்போது இந்த ஆற்றைப் பற்றி ஒரு வரி வராது.

பிப்ரவரி 19

பருத்தி பற்றி ஒரு நண்பர் தனியாகக் கேட்டார், எல்லோருக்கும் உபயோகப்படும் என்று இங்கேயே. ஆம், கோயம்புத்தூர், ராஜபாளையம் மில்களில் நீள இழைப் பருத்தி என்று இறக்குமதியாகும் பிமாவுக்கும் இந்த மக்களுக்கும் சம்பந்தம் உண்டு. எகிப்துப் பருத்தியிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம். சாக்கட்டனில் அமெரிக்க வேளாண் துறை நடத்திய சோதனைப் பண்ணையில் பாடுபட்டு வளர்த்தவர்கள் இந்தப் பிமாக்கள், அதனால் அந்தப் பெயர். முதல் போர்க் காலத்தில் டயருக்குள் வைக்கும் நூலுக்காக குட்இயர் கம்பெனி சேண்ட்லர் பக்கம் ஏக்கர் ஏக்கராக இதைப் பயிரிட்டது. சட்டையில் ‘பிமா’ என்று பார்த்தால் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 24

சனிக்கிழமை சாக்கட்டன் போய்வந்தேன். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கொடியேற்ற நாளை ஒட்டி 84ஆம் கிளை நடத்தும் அணிவகுப்பு. வேறு ஊர்களிலிருந்தும் முன்னாள் மரீன்கள் வருகிறார்கள். பள்ளிக்கூட வாத்தியக் குழு, குதிரைகள், கொடி பிடித்த பெரியவர்கள். வயசானவர்களை டிரக்கின் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கூட்டிப்போகிறார்கள், அவர்கள் மடியில் பேரப்பிள்ளைகள்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றார். தொப்பியில் கிளை எண்ணைத் தைத்திருந்தார், நூல் ஒரு முனையில் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வியட்நாம் போனவர். நான் எங்கிருந்து என்று கேட்டார். அப்பா இந்திய ராணுவத்தில் ஹவில்தார் என்று சொன்னதும் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்பா இப்போது என்ன செய்கிறார், பென்ஷன் சரியாக வருகிறதா, கால் வலி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். ஐராவைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கடுகெண்ணெய் நிறத்தில் வெயில், எங்கேயோ விறகுப் புகை, எண்ணெயில் பொரித்த ரொட்டியும் பீன்ஸும் வாங்க நீளமான வரிசை. அதில் அவர்தான் எனக்கும் சேர்த்து நின்றார்.

மார்ச் 2

குடி விஷயத்தை நான் தட்டிக்கழிக்கிறேன் என்று கேள்வி கேட்ட நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார். பேசிவிடுவோம்.

1953 ஆகஸ்ட் வரை பூர்வகுடியினருக்கு மது விற்பது கூட்டாட்சிச் சட்டப்படியே குற்றம். ஐரா இறந்தது 1955இல். அதாவது ஊர் திரும்பிய பிறகு பெரும்பாலான வருஷங்கள், மற்ற மரீன்கள் லீஜியன் கிளையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடித்தபோது, அவர் குடித்தது சந்தில், மறைவில், வேகவேகமாக. அந்த ஐம்பது கைது என்ற எண்ணிக்கையை இதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். அதோடு, போர் மனசைப் பிளக்கும் என்பதற்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இன்றைய பெயரோடு ஓர் இடம் கிடைத்தது 1980இல்தான். ஐராவுக்குக் கிடைத்த சிகிச்சை லாக்கப்.

மார்ச் 3

ஆனால் நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே முழு நிறைவில்லை. சட்டம், போர், பஞ்சம் என்று அடுக்கிவைத்து அந்த மனிதரைக் குற்றமற்றவராகக் காட்டினால்தான் பெயர் வைக்கத் தகுதி என்று நானும் ஒத்துக்கொள்வது போல் ஆகிவிடுகிறது. அப்படி இல்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர். கம்மவான்பேட்டை மாதிரி ஊரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லீவில் வரும்போது கேண்டீன் சரக்கு, டிரங்குப் பெட்டி, பிள்ளைகளுக்கு மிலிட்டரி பிஸ்கெட். அதே தெருவில் ராத்திரியில் திடீரென்று எழுந்து கத்துகிற மாமாவும் இருந்தார். பகலில் குடித்துவிட்டுத் திண்ணையில் கிடப்பார். அவர் 1965 சண்டைக்குப் போனவர். எங்கள் அப்பா எந்த ஊரில் போஸ்டிங்கில் இருந்தாலும், லீவில் வந்த முதல் நாள் அந்தத் திண்ணைக்குப் போய் நின்று சல்யூட் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். மாமா தெளிவாக இருந்தாரா இல்லையா என்று பார்த்து அடித்ததில்லை. அம்மா கோபித்துக்கொள்வார், அப்பா கேட்கமாட்டார்.

சாக்கட்டன்காரர்கள் செய்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். குடியைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குப் பெயர் வைக்கவில்லை. முழு ஆளுக்கும் வைத்தார்கள். போய்விட்டுத் திரும்பி வந்து, வந்தும் வராமல் போன பிள்ளைகளுக்கும் அந்தக் கிளையின் கதவு திறந்திருக்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு மட்டும் சுமார் 44,000 பூர்வகுடியினர் போனார்கள். அவர்களில் ஐரா மாதிரி எத்தனை பேர்? ஒழுங்கான முன்மாதிரி ஒருவர் பெயர் பலகையில் இருந்தால் அவர்கள் உள்ளே வரக் கூசியிருப்பார்கள்.

மார்ச் 9

‘ஐரா ஜப்பானியரோடு சண்டை போட்டபோது அவர் ஊரிலேயே ஜப்பானியர் முகாம் இருந்ததாமே’ என்று ஒருவர். உண்மை. 1942 ஜூலை முதல் 1945 நவம்பர் வரை. பழங்குடி மன்றம் வேண்டாம் என்று சொல்லியும் அரசு அந்த நிலத்தில் இரண்டு முகாம் போட்டது. பியூட், கனால் என்று பெயர். உச்சத்தில் 13,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள். பலர் இங்கேயே பிறந்த குடிமக்கள். முள்வேலிக்குள்ளிருந்து அவர்களுடைய பிள்ளைகளும் அமெரிக்கப் படைக்குப் போய் இறந்தார்கள். பியூட் முகாம் இருந்த குன்றின்மேல் அவர்களுக்கும் நினைவிடம் உண்டு. அனுமதி வாங்காமல் அங்கே போகக் கூடாது, குடியிருப்பு நிலம்.

இதைத் தனியாகவே பேச வேண்டும், இங்கே நுழைத்தால் இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியாது.

மார்ச் 15

‘ஐராவின் கல்லறை எங்கே?’ என்று கடைசியாகக் கேட்டதற்குப் பதில். வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் 1954 நவம்பர் 10 அன்று கொடியேற்ற வெண்கலச் சிலையைத் திறந்தபோது ஐரா நேரில் இருந்தார். அதற்கு இரண்டரை மாதத்தில் இறந்தார். உடலை ஃபீனிக்ஸில் மாநிலத் தலைமைச் செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்து, பிறகு ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள், 34ஆவது பகுதி. சாக்கட்டனில் இருப்பது நினைவிடம்தான், கல்லறை இல்லை. வாஷிங்டன் பக்கம் இருப்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். சிலையின் மூல பிளாஸ்டர் வடிவம் டெக்சஸில் ஹார்லிங்கனில் இருக்கிறது. ஹார்லன் பிளாக்கின் உடலை 1995இல் வெஸ்லகோவிலிருந்து எடுத்துவந்து அதன் பக்கத்தில்தான் புதைத்திருக்கிறார்கள்.

அடுத்த பிப்ரவரிக்கு சேண்ட்லரிலிருந்து கார் ஏற்பாடு செய்கிறேன். வருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், தெருவை மூடிவிடுவார்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கேள்வி கேட்ட நண்பர் வந்தால் முன் சீட் அவருக்கு.